கண்ணாடி மங்குகிறது, ஏசி குளிரவில்லை, விளக்கு எரிகிறது: காரில் எதை முதலில் பார்ப்பது?

பொள்ளாச்சியில் கார் ஏசி, எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறப்போகிற வண்டிகளும், ஏறி இறங்கி வந்த வண்டிகளும் என் கடை வாசலில் நிற்கும். வருகிற புகார்கள் பத்துக்குள் அடங்கிவிடும். அவற்றில் பாதிக்கு மேல் தூசி, பட்டன், ஃப்யூஸ், பேட்டரி என்று வீட்டு வாசலிலேயே முடிந்துவிடக்கூடியவை. மீதியில் சிலவற்றைத் தொடவே கூடாது. இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கை வைக்கும் முன் ஒன்று. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் பல வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றும். பானெட்டுக்குள் விரல் விடும்போது அது நினைவில் இருக்கட்டும்.

## முன் கண்ணாடி மங்குகிறது

மழை நாளில் மலை ஏறும்போது இதைவிட ஆபத்தான கோளாறு வேறில்லை. ஏழாவது, எட்டாவது வளைவு வரும்போது திடீரென்று முன்னால் வெள்ளைத் திரை விழுந்த மாதிரி ஆகிவிடும். நிறையப் பேர் உடனே கைக்குட்டையால் துடைக்கப் பார்க்கிறார்கள். துடைத்த இடம் அரை நிமிடத்தில் மறுபடி மங்கும், அதற்குள் வளைவு வந்துவிடும். முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள்.

வைப்பர் போட்டால் தெளிகிறதா? அப்படியானால் ஈரம் வெளிப்பக்கம் படிந்திருக்கிறது. உள்ளே ஏசியை அளவுக்கு மீறிக் குளிர வைத்து, அந்தக் காற்று கண்ணாடிமேல் அடிக்கும்போது இப்படி ஆகும். காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்புங்கள், குளிரைக் கொஞ்சம் குறையுங்கள், வைப்பரை ஓட விடுங்கள். அவ்வளவுதான்.

வைப்பர் போட்டும் தெளியவில்லையா? ஈரம் உள்பக்கம். காரின் படத்துக்குள் வளைந்த அம்பு போட்ட பட்டன் ஒன்று இருக்கும், உள்காற்றையே சுற்றவிடும் பட்டன். அதை அணைத்து வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். ஏசியைப் போடுங்கள். குளிர்கிறதே என்று ஏசியை அணைத்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பது ஏசிதான், அதனால் குளிரில்கூட அது ஓட வேண்டும். ஹீட்டர் இருந்தால் ஏசியோடு சேர்த்தே சூட்டையும் வையுங்கள். காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வரும்.

இதெல்லாம் செய்தும் தினமும் மங்குகிறதா? அப்போது வண்டிக்குள்ளேயே எங்கோ ஈரம் தேங்கியிருக்கிறது. கால் மிதிக்கும் மேட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடம் நனைந்திருந்தால் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியும் சொட்டவே இல்லை, உள்ளே நனைகிறது என்றால் அந்தக் குழாயைச் சுத்தம் செய்தால் போதும். மழை பெய்தால் மட்டும் நனைகிறது என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலை சேர்ந்திருக்கிறதா பாருங்கள். மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அங்கிருந்து ஒரு பிடி மக்கிய இலை எடுத்திருக்கிறேன்.

கண்ணாடியில் பிசுபிசுப்பாக ஒட்டுகிறதா, உள்ளே இனிப்பான வாடை வருகிறதா? இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் டப்பாவில் அளவைப் பாருங்கள். அது குறைந்துகொண்டே போனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும், செலவான வேலை. இதை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுங்கள். கூலன்ட் குறைந்த வண்டியோடு மலை ஏறாதீர்கள்.

ஈரமே இல்லை, ஆனால் இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பரவுகிறதா? உள்பக்கத்தில் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கிறது. டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் கக்குவது, பளபளப்புக்காகத் தடவும் பாலிஷ், சிகரெட் புகை எல்லாம் அங்கேதான் போய் ஒட்டும். ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை துடையுங்கள். வெளியே வாரம் இருமுறை கழுவுகிறவர்கள்கூட உள்பக்கத்தை வருடக்கணக்கில் தொடுவதில்லை. இதைச் செய்த அன்று இரவே வித்தியாசம் தெரியும்.

வெளியே மூடுபனியே இறங்கிவிட்டால் ஹை பீம் போடாதீர்கள். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமும், இருந்தால் ஃபாக் லேம்ப்பும் போதும்.

## ஏசி குளிரவில்லை

போன சித்திரையில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் வந்தார். "அண்ணா, கேஸ் அடிச்சு ரெண்டு மாசம்கூட ஆகலீங்க, மறுபடி அடிக்கணும்போல" என்றார். கிளவ் பாக்ஸைக் கழற்றி அதன் பின்னாலிருந்த கேபின் ஃபில்டரை வெளியே இழுத்தேன். கம்பளி மாதிரி தடித்த பழுப்புப் படலம், தட்டினால் தென்னை நார்த் தூள் உதிர்ந்தது. அவர் தினமும் நிறுத்துவது ஒரு கயிறு ஆலைக்கு எதிரில். ஃபில்டர் இல்லாமல் ப்ளோயரைப் போட்டுக் காட்டினேன், காற்று முகத்தில் அறைந்தது. கேஸ் சரியாகத்தான் இருந்தது. புது ஃபில்டர் போட்டு அனுப்பினேன்.

இதனால்தான் "கேஸ் அடிக்கணும்" என்று ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். பெட்ரோல் மாதிரி ஏசி கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. கோடைக்குக் கோடை அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

காற்றே குறைவாக வருகிறதா? முதல் சந்தேகம் ஃபில்டர். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஆலை, செங்கல் சூளை, மண் சாலைப் பக்கம் ஓடும் வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறிய கார்களுக்கு சில நூறு ரூபாய்தான். மாட்டும்போது ஓரத்தில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

முழு வேகமான நாலாம் நம்பரில் மட்டும் காற்று வருகிறது, மற்றதில் இல்லையா? வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. சிறிய பார்ட், எந்த எலக்ட்ரீஷியனும் அரை மணியில் மாற்றிவிடுவார். ப்ளோயரையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லையா? சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும். கதவுகளை மூடி, உள்காற்றுப் பட்டனைப் போட்டு, ப்ளோயரை நடுவேகத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். நடு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். 6 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் ஏசி நல்லபடியாக இருக்கிறது. நடுப்பகலில் வெயிலில் நின்ற வண்டி குளிர நேரமாவதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கண்ணாடிகளை இறக்கி ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு அப்புறம் மூடுங்கள்.

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கு (ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது) காற்று போதவில்லை. ஏசியைப் போட்டதும் முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று வெளியே நின்று கேளுங்கள். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கடைசியாக ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். ஃபேன் சுற்றுகிறது என்றால் கண்டன்சர் முகத்தைப் பாருங்கள். சேறும் பூச்சியும் நாரும் அடைத்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு சாதாரணத் தோட்டக் குழாயில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

முதல் அரை மணி நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்று குறைந்துபோகிறதா? உள்ளே காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் காற்று மறுபடி வரும். வந்தால் சந்தேகம் உறுதி. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் இப்படி ஆனால் கேஸ் குறைவு, அல்லது காயில் சென்சார் கோளாறு. இனி மெக்கானிக் பார்க்க வேண்டிய கட்டம்.

கேஸ் வேலைக்குப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஒழுகல் எங்கே என்று பார்த்தார்களா? கேஸ் அடிக்கும் முன் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டு, அது இறங்காமல் நிற்கிறதா என்று சோதித்தார்களா? கேஸை எடை போட்டு ஏற்றுகிறார்களா? பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கு எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம். அதிகமாக ஏற்றினாலும் குளிர்ச்சி குறையும். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவும் அதில் தூசி ஒட்டிய கறுப்பும் தெரிந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகல், சில சமயம் ஐம்பது ரூபாய் ரப்பர் வளையத்தோடு முடிந்துவிடும். கேஸ் பாட்டிலை வாங்கி வீட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் அந்தத் திரவம் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே சரி சொல்லாமல் இன்னொரு கடையில் காட்டுங்கள். உண்மையிலேயே உள்ளே தேய்ந்து உலோகத் தூள் கலந்திருந்தால் கம்ப்ரசரை மட்டும் மாற்றிப் பயனில்லை. குழாய்களைக் கழுவி, கேஸிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும், கண்டன்சரைத் துப்புரவாகக் கழுவ முடியாது என்பதால் பல வண்டிகளில் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் புதியதும் சீக்கிரமே போகும்.

குளிர்கிறது, ஆனால் நாற்றம் அடிக்கிறதா? ஈரக் காயிலில் பூஞ்சை. ஃபில்டரை மாற்றுங்கள். வீடு சேர இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஏசியை அணைத்து, வெளிக்காற்றில் ப்ளோயரை மட்டும் ஓடவிடும் பழக்கம் வைத்தால் காயில் காய்ந்துவிடும்.

## ஏசி நன்றாக இருக்கிறது, ஆனால் தூக்கம் வருகிறது

நாலைந்து பேர் உட்கார்ந்து, உள்காற்றுப் பட்டனைப் போட்டபடியே மணிக்கணக்கில் போனால் வண்டிக்குள் கரியமில வாயு ஏறும், தலை பாரமாகும், கண் சொக்கும். அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் கொட்டாவி நிற்கவில்லை என்றால் அது வண்டிக் கோளாறு அல்ல. ஓட்டுநருக்குத் தூக்கம் வேண்டும். நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஓட்டுநர் சோர்ந்துவிட்டார் என்று எச்சரிக்கும் காபிக் கோப்பை விளக்கு டேஷ்போர்டில் எரிந்தாலும் இதே பதில்தான்.

## டயர் காற்று விளக்கு எரிகிறது

காலையில் மட்டும் எரிந்து, ஓடியதும் அணைகிறதா? பத்து டிகிரி குளிர்ந்தால் காற்றழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ இறங்கும். பொள்ளாச்சி வெயிலில் சரியாக இருந்த டயர், வால்பாறைக் குளிரில் விடியும்போது விளக்கைப் போடுவது இதனால்தான். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது நிரப்புங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு அதிகமாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்காதீர்கள்.

ஒரே டயர் திரும்பத் திரும்ப இறங்குகிறதா? சோப்பு நுரையை டயர் முகத்திலும் வால்விலும் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஒழுகல்.

நான்கிலும் காற்று சரி, விளக்கு அணையவில்லையா? பல வண்டிகளில் காற்று நிரப்பிய பிறகு ரீசெட் பட்டனையோ மெனுவையோ அழுத்த வேண்டும். சாவி போட்டதும் ஒரு நிமிடம் போல மினுக்கிவிட்டு, அப்புறம் நிலையாக எரிந்தால் சென்சார் பக்கம் கோளாறு. வால்வோடு சேர்ந்து டயருக்குள் இருக்கும் சென்சாரின் பேட்டரி 5 முதல் 10 வருடம் வரும், தனியாக மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன் "வால்வுல சென்சார் இருக்குதுங்க" என்று சொல்லிவிடுங்கள். டயர் லீவர் பட்டு உடைந்த சென்சார்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

## ரிவர்ஸ் சென்சார் சும்மா சும்மா கத்துகிறது, கேமரா தெரியவில்லை

2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம் என்பதால் இது இப்போது எல்லோர் வீட்டுப் பிரச்சினை. சேறும் தண்ணீர்த் துளியும் ஒட்டியிருந்தால் துடையுங்கள். நம்பர் பிளேட் ஃபிரேம் கழன்று ஆடுகிறதா பாருங்கள். அப்புறமும் கத்தினால் சாவியை ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடாத நிலையில் ஒவ்வொரு சென்சாரிலும் விரல் நுனியை வையுங்கள். வேலை செய்கிற சென்சார் டிக் டிக் என்று மெல்லத் துடிக்கும். துடிக்காதது போய்விட்டது. பம்பருக்குப் பெயின்ட் அடித்தவர் சென்சார்மேலும் தடிமனாக அடித்திருந்தாலும் இந்தக் கோளாறு வரும். மெல்லிய கம்பி, தாழ்ந்த கல், ஓடிவரும் குழந்தை என்று சென்சாருக்குப் பிடிபடாதவை உண்டு. சத்தம் வராததால் பின்னால் யாரும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கேமரா மங்கலாக இருந்தால் லென்ஸைத் துடையுங்கள். கறுப்புத் திரை என்றால் ரிவர்ஸ் லைட் எரிகிறதா பாருங்கள், அதுவும் எரியாவிட்டால் ஃப்யூஸ். டிக்கியைத் தூக்கினால் ஒரு மாதிரி, மூடினால் ஒரு மாதிரி வந்தால் டிக்கிக் கீல் பக்கம் வளைந்து வளைந்து வயர் அறுந்திருக்கிறது.

## லேன் (சாலைக் கோடு) எச்சரிக்கை, தானியங்கி பிரேக் வேலை செய்யவில்லை என்று காட்டுகிறது

பின்னால் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியில் கேமரா இருக்கும் இடத்தில் வெளிப்பக்கமும், முன் பம்பர் நடுவிலும் துடையுங்கள். மழையிலும், கண்ணுக்கு நேரான வெயிலிலும் அது தற்காலிகமாக நின்றுபோவது இயல்பு. முன் கண்ணாடி மாற்றிய பிறகு ஆரம்பித்திருந்தால் கேமராவைக் கலிப்ரேட் செய்யாமல் (பார்வைக் கோணத்தைச் சரிபார்த்து அமைக்காமல்) விட்டிருக்கிறார்கள். அது கம்பெனி சர்வீஸ் வேலை, கண்ணாடி மாற்றும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். மலைப்பாதையில், வேகத்தைத் தானாகப் பிடித்துவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை அணைத்தே ஓட்டுங்கள்.

## ஒரே சமயத்தில் பல விளக்குகள் எரிகின்றன

பதறாதீர்கள். ஏபிஎஸ் (அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஸ்டியரிங், ஏர்பேக் எல்லாம் ஒன்றாக எரிந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மல்டிமீட்டரில் இரவு முழுக்க நின்ற வண்டி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் பாதி காலி. இன்ஜின் ஓடும்போது பல வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை வரும். ஓடும்போதும் 13ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் கழுவி, துடைத்து, இறுக்குங்கள். தோட்டத்து வீட்டில் நிறுத்துபவர்கள் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிகிறதா? வழக்கமான பிரேக் பிடிக்கும், ஆனால் ஈரச் சாலையில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். மெதுவாக ஓட்டி ஒர்க்ஷாப் போங்கள். பெரும்பாலும் சக்கரத்தின் அருகிலுள்ள சென்சாரில் சேறு அல்லது அறுந்த வயர்.

ஏபிஎஸ்ஸோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிகிறதா? நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிக்கொண்டு போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அது எங்கோ போயிருக்கிறது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

## சீட் பெல்ட் மணி நிற்கவில்லை

பக்கத்து சீட்டில் பை, தேங்காய் மூட்டை எதையாவது வைத்திருந்தால் எடுத்துக் கீழே வையுங்கள். ஆள் பெல்ட் போட்டும் அடித்தால் பக்கிளுக்குள் காசு, கடலைத்தோல் விழுந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கிளைப் பிரிக்காதீர்கள்.

மணியை ஏமாற்ற ஒரு கிளிப் விற்கிறார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களில் இருந்து அதை நீக்க உத்தரவிட்டது. இருந்தும் வருகிற வண்டிகளில் பார்க்கிறேன். பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடம்பை ஏர்பேக் வந்து அறைந்தால் அதுவே காயமாகும். என்னிடம் வரும் வண்டியில் அந்தக் கிளிப் இருந்தால், ஓட்டுகிறவரிடம் சொல்லிவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிடுகிறேன்.

## ஏர்பேக் விளக்கு அணையவில்லை

இந்த விளக்கு எரியும்போது மோதினால் பை விரியாமல் போகலாம். அதனால் "வண்டி ஓடுதுல்ல" என்று விடாதீர்கள்.

நீங்கள் பார்க்கக்கூடியது இரண்டுதான். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், குடை, ஜாக்கி எதையாவது திணித்திருக்கிறீர்களா? அங்கே மஞ்சள் நிறக் கனெக்டர் இருக்கும், சீட்டை நகர்த்தும்போது பாட்டில் அதை இழுத்திருக்கும். பாட்டிலை எடுத்துவிடுங்கள், எப்படியும் உருண்டு பெடலுக்கு அடியில் போகக்கூடியது அது. கனெக்டரைத் தொடாதீர்கள். அடுத்தது, ஹார்னும் ஸ்டியரிங் பட்டன்களும் சேர்ந்தே வேலை செய்யவில்லையா? ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிள் அறுந்திருக்கும். ஒர்க்ஷாப்பில் இதை முதலிலேயே சொன்னால் அவர்களுக்குத் தேடும் நேரம் மிச்சம்.

இதற்கு மேல் நானே என் கடையில் தொடுவதில்லை. மஞ்சள் வயரில் டெஸ்ட் லேம்ப்போ மல்டிமீட்டரோ வைத்தால் பை வெடித்துவிடக்கூடும். பேட்டரியைக் கழற்றி, கம்பெனி சொன்ன நேரம் காத்திருந்து, ஸ்கேனர் போட்டுப் பார்க்கிற இடத்துக்குத்தான் அனுப்புகிறேன். பல்பைப் பிடுங்கி விளக்கை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.